எங்கள் அல்வாக் கடையும் பில்லிங் சாஃப்ட்வேரும்: 2019 முதல் இன்றுவரை

திருநெல்வேலி டவுனில் எங்களுக்கு அல்வா, மிக்சர், காரச்சேவு வியாபாரம். 2019-லிருந்து ஒரே பில்லிங் சாஃப்ட்வேர்தான். கம்பெனி பேர் வேண்டாம். நான் சொல்லப்போகிற குறை எந்த சாஃப்ட்வேரிலும் வரக்கூடியது. பில் போடுகிற பகுதி ஒருவர் செய்தது, தராசோடு பேசுகிற பகுதி வேறொருவர் செய்தது. பிரிண்டர், யுபிஐ, தேடல் என்று ஒவ்வொரு காம்போனென்டையும் ஒவ்வொரு இடத்தில் வாங்கிக் கோத்துத்தான் கடைக்குத் தருகிறார்கள். விலை கட்டுப்படியாகிறது, சீக்கிரமும் கிடைக்கிறது. கோத்த பிறகு நம்ம கடை வேலைக்குச் சரிப்படுமா என்று யார் பார்ப்பது என்பதில்தான் சிக்கல்.

முதலில் மாட்டியது தராசு. அது எடையைக் கிலோவில் மூன்று தசம இடத்தோடு அனுப்பும்: 0.125. பில் பகுதி இரண்டு இடம்தான் வாங்கும், 0.13 ஆக்கிவிடும். கிலோ 400 ரூபாய் என்றால் 50 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 52. ஒரு கிலோ, அரைக் கிலோ, கால் கிலோ வைத்துப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. சோதித்தவர்கள் அதை மட்டும்தான் வைத்துப் பார்த்திருந்தார்கள். எங்கள் கடையில் 125 கிராம் கேட்டு வருகிறவர்கள்தான் ஜாஸ்தி.

"அண்ணாச்சி, நூத்தியிருவத்தஞ்சுக்கு அம்பதுதானே? ரெண்டு ரூவா கூடல்லா போட்டிருக்கு!"

வாடிக்கையாக வருகிற ஒரு ஆச்சி கேட்டதும்தான் விஷயம் வெளியே வந்தது. தராசுக்காரரிடம் கேட்டால் "எங்க சைடுல டெஸ்ட் பாஸ்." பில்லிங்காரரும் அதையேதான் சொன்னார். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். இரண்டும் சேருகிற இடத்தை யாரும் சோதிக்கவில்லை.

அடுத்தது தமிழ்ப் பெயர். கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கும் முறையான ஒருங்குறியில் (யூனிகோடு) 'கோ' என்பதை ஓகாரக் குறி ஒன்றை வைத்தும் சேமிக்கலாம், இரட்டைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியே வைத்தும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. பழைய கணக்கை மாற்றித் தந்த பகுதி ஒரு விதம், புதுக் கீபோர்டு இன்னொரு விதம். தேடல் பகுதிக்கு இரண்டும் வேறு சொல். ஆக, கோவில்பட்டி மொத்த வியாபாரி ஒருவருக்கு இரண்டு கணக்கு. வந்த பணம் ஒன்றில், பாக்கி இன்னொன்றில். ஒருங்குறி விதிப்படி இரண்டும் சமம்தான். தேடுவதற்கு முன்னால் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது. அதைச் செய்துதர வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பெரிய இடத்திலும் இதுதான் கதை. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி 40 விநாடி வாக்கில் சிதறியது. முந்தின ராக்கெட்டான ஏரியன் 4-இல் ஒழுங்காக ஓடிய ஒரு சாஃப்ட்வேர் பகுதியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். புது ராக்கெட்டின் வேகத்தைக் காட்டும் எண், அந்தப் பகுதி அதற்கு ஒதுக்கியிருந்த 16 பிட் இடத்துக்குள் அடங்கவில்லை. புது ராக்கெட் போகும் பாதையின் கணக்கைக் கொடுத்து அந்தப் பகுதியைச் சோதிக்கவே இல்லை என்று விசாரணைக் குழு சொன்னது. நம்ம மகேந்திரகிரியில் இஸ்ரோ இன்ஜினை முழுசாகப் பூட்டி, பற்றவைத்து ஓட்டிப் பார்ப்பதன் அருமை இதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் நெட் போனபோது, இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டர் ஓடியும் பில் திறக்கவில்லை. லைசென்ஸ் பார்க்கிற பகுதி நெட்டுக்காகக் காத்துக்கிடந்தது. கையால் எழுதித்தான் ஓட்டினோம்.

இப்போது அப்டேட் எது வந்தாலும் நேரே கவுண்டருக்குப் போகாது. பழைய லேப்டாப்பில் ஏற்றி, முந்தின நாள் பில்கள் அத்தனையையும் கல்லாவில் உட்காரும் தங்கச்சி திரும்பப் போட்டுப் பார்ப்பாள்: 125 கிராம், பாதி ரொக்கம் பாதி யுபிஐ, போட்ட பில்லை ரத்து செய்வது, நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பில் அடிப்பது. ஆனித் தேரோட்டக் கூட்டத்தில் இரண்டு கவுண்டரும் ஒரே சரக்கை விற்கும், அதனால் இருப்பு மைனஸில் போகிறதா என்றும் பார்ப்பாள். புரோகிராம் தெரிந்தவர் கண்ணில் படாதது அவள் கண்ணில் படும்.

எடையும் பெயரும் இப்போது சரி, வேகமும் நன்றாக இருக்கிறது. அதனால் மாற்றும் எண்ணம் இல்லை. அப்டேட்டில் எந்தப் பகுதியை மாற்றினார்கள் என்று மட்டும் இன்னும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். புதிதாக வாங்குகிறவர்கள், பணம் கட்டும் முன்பே அதைச் சொல்வோம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பகுதி சேருகிற இடத்தில் பிழை வந்தால் யார் பொறுப்பு என்பதையும் சேர்த்து.