சுமை ஏற்றினால் இழுக்காத பிக்கப்: டர்போவை மாற்றச் சம்மதிக்கும் முன் படியுங்கள்

வாரத்தில் ஆறு நாள் அதிகாலையில் சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் மொத்தவிற்பனை நிலையத்தில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏற்றி, தேக்காவிலும் உட்லண்ட்ஸிலும் உள்ள உணவகங்களுக்குக் கொண்டு சேர்ப்பது என் தொழில். 2011ஆம் ஆண்டு பதிவான 2.5 லிட்டர் டீசல் பிக்கப் ஒன்றுதான் அதற்குத் துணை. பத்தாண்டு முடிந்து சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்த வண்டி என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறது, ஒருமுறைகூடத் தவறியதில்லை. இந்த வண்டியின் பெயரால் ஒரு பட்டறை என்னிடமிருந்து 2,800 வெள்ளிக்கு மேல் வாங்கிக்கொண்டு, இருந்த கோளாறை அப்படியே விட்டுவிட்டது. பழைய வண்டியை நம்பிப் பிழைக்கும் மற்றவர்களுக்கும் இது நேரக்கூடும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

2024 மார்ச்சில் கோளாறு தொடங்கியது. காலியாக ஓட்டினால் எந்தக் குறையும் தெரியாது. 700 கிலோ அளவுக்குச் சுமை ஏற்றி, புக்கிட் தீமா விரைவுச்சாலையில் டெய்ரி ஃபார்ம் பக்கத்து ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினால், வண்டி மூச்சு முட்டியதுபோல் தளர்ந்து, எஞ்சின் விளக்கு எரிந்து, 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட மறுக்கும். ஓரமாக நிறுத்தி அணைத்து மறுபடி கிளப்பினால் சிறிது தூரம் ஒழுங்காக ஓடும். பின்னால் வரும் கனரக லாரிகளுக்கு நடுவே இப்படித் தவழ்வது எவ்வளவு ஆபத்தானது என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

மூன்று ஆண்டுகளாக நான் சர்வீசுக்கு விட்டுவந்த பட்டறைக்கே கொண்டு சென்றேன். ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, பத்து நிமிடத்தில் டர்போ, அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம், போய்விட்டது என்று முடிவு சொன்னார்கள். எந்தப் பிழைக் குறியீடு வந்தது என்று கேட்டதற்கு, அது உங்களுக்குப் புரியாது அண்ணே என்பதுதான் பதில். சுமையோடு ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்கவில்லை. ரீகண்டிஷன் செய்த டர்போவுக்கும் கூலிக்கும் சேர்த்து 2,650 வெள்ளி கொடுத்தேன். மூன்றாம் நாளே அதே ஏற்றத்தில் அதே தளர்ச்சி. திரும்பிச் சென்றபோது, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நான்கையும் மாற்ற வேண்டும், இன்னும் 2,400 வெள்ளி ஆகும் என்றார்கள். நீக்கிய பழைய டர்போவைக் காட்டுங்கள் என்றேன். பழைய இரும்புக்குப் போய்விட்டது என்றார்கள். எனக்குச் சந்தேகம் வந்தது அந்த இடத்தில்தான்.

தேக்காவில் காய்கறிக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் சொல்ல, காக்கி புக்கிட்டில் வேலை செய்யும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் பானட்டைத் திறக்கும் முன்பே, இழுவை குறையும்போது கரும்புகை வருகிறதா என்று கேட்டார். வருவதில்லை என்றேன். டர்போ காற்றுத் தராவிட்டாலோ, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய் வெடித்திருந்தாலோ, உள்ளே போகும் டீசலுக்குப் போதிய காற்று இல்லாமல் பெரும்பாலும் கரும்புகை கக்கும். புகையே இல்லாமல் இழுவை மட்டும் குறைந்தால் முதலில் டீசல் வரும் வழியைப் பார்க்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். கெட்டுப்போன டர்போ விசில் சத்தம், குழாயில் தேங்கும் எண்ணெய், அச்சின் ஆட்டம் என்று ஏதாவது ஓர் அடையாளம் காட்டும் என்பதையும் அவரிடம்தான் அறிந்தேன். அந்த மூன்றையும் முதல் பட்டறையில் யாரும் பார்க்கவில்லை.

பிறகு, “சுமையை இறக்காதீங்க தம்பி, இப்படியே போய்ப் பார்ப்போம்” என்று ஸ்கேனரோடு பக்கத்தில் ஏறி அமர்ந்தார். வண்டியில் பதிந்திருந்த குறியீடு பி0087. காமன் ரெயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பகிர்ந்து தரும் உயர் அழுத்தக் குழாயில், டீசல் அழுத்தம் போதவில்லை என்பது அதன் பொருள். டர்போவின் காற்றழுத்தம் குறைந்தால் வரும் குறியீடு பி0299. ஆக, முதல் பட்டறையின் ஸ்கேனரிலும் பி0087தான் தெரிந்திருக்க வேண்டும். எஞ்சின் ஓடியபடி வண்டி நின்றிருக்கும்போது அதன் கணினி கேட்ட டீசல் அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் 300 பார் (அழுத்தத்தின் அலகு) அளவில் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. ஏற்றத்தில் மூன்றாம் கியரில் முழுதாக அழுத்தியதும் கணினி 1,300 பார் கேட்டது. கிடைத்தது 700ஐச் சற்றே தாண்டியது. உடனே வண்டி தளர்ந்தது. சும்மா நிற்கும்போது எஞ்சினுக்குத் தேவைப்படும் டீசல் மிகக் குறைவு என்பதால், வழி பாதி அடைத்திருந்தாலும் குறை தெரிவதில்லை. சுமையோடு ஏறும்போது அதைப் போல் பல மடங்கு டீசல் தேவைப்பட, அடைப்பு அப்போதுதான் வெளிப்படுகிறது, கணினியும் எஞ்சினைக் காப்பதற்காக வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது.

அடுத்து டீசல் ஃபில்டரைக் கழற்றினார். துடைத்து என் கையில் கொடுத்தபோது, வண்டியின் உடலைப் பார்த்திருந்த பக்கத்தில் வெள்ளை மையில் ஒரு தேதி இருந்தது: 14-8-2021. அது என் கையெழுத்து. அந்த ஃபில்டரை நானே மாற்றி, மறக்காமல் இருக்க எழுதி வைத்த தேதி. முதல் பட்டறையோ 2022இலும் 2023இலும் டீசல் ஃபில்டர் மாற்றியதாக ஒவ்வொரு முறையும் 85 வெள்ளி வாங்கியிருந்தது. இரண்டு ரசீதும் என்னிடம் இருந்தன. அறுத்துப் பார்த்தபோது உள்ளே இருந்த தாள் மடிப்புகள் தார் பூசியதுபோல் கறுத்து ஒட்டிக் கிடந்தன. புது ஃபில்டர் போட்டு, அதே சுமையோடு அதே ஏற்றத்தில் மறுபடி ஏறினோம். கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் இணையாகவே உயர்ந்தன. சோதனைக்கும் ஃபில்டருக்கும் சேர்த்து அவர் வாங்கியது 180 வெள்ளி.

உங்கள் வண்டிக்கும் இது நேர்ந்தால், பிழைக் குறியீட்டை எழுதித் தரச் சொல்லுங்கள். சுமையோடு ஓட்டி, கேட்ட அழுத்தத்தையும் கிடைத்த அழுத்தத்தையும் உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். அதைச் செய்ய மறுக்கும் பட்டறையில் ஒரு வெள்ளிகூடச் செலவிடாதீர்கள். கழற்றும் உதிரிப்பாகம் ஒவ்வொன்றும் எனக்குத் திரும்ப வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே வேலைத்தாளில் எழுதி வாங்குங்கள். நான் இதைச் செய்யத் தவறியதன் விலை பெரியது.

முதல் பட்டறைமீது சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் வழக்குப் பதிந்தேன். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கு வழக்கறிஞர் இல்லாமலே கொண்டு செல்லலாம். ஆனால் பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் பதிந்தாக வேண்டும். முதற்கட்டப் பேச்சிலேயே, தேதி எழுதிய ஃபில்டரையும் ரசீதுகளையும் மேசைமேல் வைத்தவுடன், மாற்றாத ஃபில்டருக்கு இரண்டு முறை வாங்கிய 170 வெள்ளியைத் திருப்பித் தர அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். டர்போவைப் பொறுத்தவரை, பழையது கெட்டுத்தான் இருந்தது என்று கடைசிவரை சாதித்தார்கள். மறுத்துக் காட்ட அந்தப் பழைய டர்போ என் கையில் இல்லை. 900 வெள்ளிக்கு ஒப்பந்தமாகி வெளியே வந்தேன்.