சுவரில் ஆங்கிலேயப் பிரபுக்கள்: சில வருடங்களுக்குப் பிறகு எது நிற்கிறது, எது வெளுத்தது

லண்டனில் எங்கள் வீட்டுச் சுவர்களில் பழைய பிரிட்டிஷ் பிரபுக் குடும்பங்களின் படங்களைப் பிரேம் போட்டு மாட்டி சில வருடங்கள் ஓடிவிட்டன. வாங்கிய புதிதில் எல்லாமே ஜோராகத்தான் இருந்தன. எது இன்னும் நம்மை நிற்கவைக்கிறது, எது வால்பேப்பரோடு கரைந்துபோனது என்பது இப்போதுதான் தெரிகிறது.

முதல் இடம் சந்தேகமே இல்லாமல் 18-ம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த்துக்கு. 'மேரேஜ் அ-லா-மோட்', அதாவது 'நாகரிகக் கல்யாணம்', என்ற ஆறு படத் தொடர். அசல் ஓவியங்கள் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கின்றன, 1824-ல் அந்த கேலரி தொடங்கியபோது வாங்கிய முதல் தொகுப்பிலேயே வந்தவை. அவற்றைப் பார்த்துத் தகட்டில் செதுக்கி 1745-ல் வெளியிட்ட அச்சுப் படங்களின் மறுபதிப்புதான் எங்கள் மாடிப்படிச் சுவரில் வரிசையாக ஏறுகிறது. கதை என்னவோ நமக்குப் பழகியதுதான்: கடனில் மூழ்கிய பிரபு ஒருவர், பணக்கார வியாபாரியின் மகளைத் தன் பையனுக்குப் பேசி முடிக்கிறார். முதல் படத்தில் பெரியவர் கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு தன் வம்ச மரத்தைப் பெருமையாகச் சுட்டிக்காட்டுகிறார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் கட்டிடம் பாதியில் நிற்கிறது. மாப்பிள்ளை கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருக்க, பெண் மோதிரத்தைக் கைக்குட்டையில் கோத்து உருட்டிக்கொண்டிருக்கிறாள், பக்கத்தில் குழைந்து பேசும் வக்கீல் வேறு. கீழே ஒரே சங்கிலியில் கட்டிய இரண்டு நாய்கள். இரண்டாவது படத்தில் கட்டாத பில்களை அள்ளிக்கொண்டு கணக்குப்பிள்ளை வெளியே நடக்கிற முகத்தை மட்டும் எத்தனை தடவை பார்த்தாலும் சிரிப்பு வருகிறது. ஊரிலிருந்து வந்த என் பெரியம்மா முழு ஆறையும் படியேறிப் படித்துவிட்டு, "இதுல ஜாதகம் ஒண்ணுதான் பாக்கி" என்றார்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: தகட்டிலிருந்து அச்சடிக்கும்போது படம் இடம் வலமாகத் திரும்பிவிடும். ஓவியத்தில் வலப்பக்கம் இருக்கும் பிரபு அச்சில் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பார். தப்பான படம் வந்துவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டாம்.

அடுத்தது இன்னொரு ஆங்கில ஓவியர் கெயின்ஸ்பரோவின் 'மிஸ்டர் அண்ட் மிசஸ் ஆண்ட்ரூஸ்', 1750 வாக்கில் வரைந்தது. துப்பாக்கியோடு கணவர், நீலப் பாவாடையில் மனைவி, பின்னால் அவர்கள் நிலம். சரியாகச் சொன்னால் இவர்கள் பட்டம் பெற்ற பிரபுக்கள் அல்ல, நிலக்கிழார்கள். அசல் கிட்டத்தட்ட 70-க்கு 119 சென்டிமீட்டர், நல்ல அகலம். நான் ஆன்லைனில் வாங்கிய கடைக்காரர் தன்னிடமிருந்த ரெடிமேட் பிரேமுக்குப் பொருந்தவேண்டும் என்பதற்காக வலப்பக்க வயலை வெட்டியே அனுப்பிவிட்டார்! அந்த ஓவியத்தில் ஆளுக்குச் சமமாக நிற்பது நிலம்தான். வரிசை பிடித்த கதிர்க்கட்டுகள் எல்லாம் போய், கல்யாண ஆல்பம் மாதிரி ஜோடி மட்டும் மிஞ்சியது. கேட்டதற்கு, 'ஸ்டாண்டர்ட் சைஸ்' என்று ஒரு வரி பதில். அதனால் அசலின் நீள அகலத்தைப் பார்த்துவிட்டே ஆர்டர் போடுங்கள். அப்புறம், அந்த அம்மாள் மடியில் ஒரு இடம் வெறுமையாக இருக்கும். அது அச்சுக் கோளாறு இல்லை, கெயின்ஸ்பரோ அந்த இடத்தை முடிக்காமலே விட்டுவிட்டார்.

நரி வேட்டைப் படங்கள் ஹாலில் ஜன்னலுக்கு எதிரே இருந்தன. வெயில் அதிகமில்லாத ஊர்தானே என்று பார்த்தால், சிவப்புக் கோட்டுகள்தான் முதலில் வெளுத்தன, இப்போது ரோஸ் நிறக் கோட்டில் வேட்டைக்குப் போகிறார்கள். குதிரைகள் வேறு நாலு காலையும் முன்னும் பின்னும் விரித்துப் பறக்கும். 1878-ல் மைப்ரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் ஓடும் குதிரையைப் படம் பிடித்துக் காட்டும்வரை ஓவியர்கள் பெரும்பாலும் அப்படித்தான் வரைந்தார்கள். ஒரு மாதம் ரசிக்கலாம். அதற்கு மேல் கண் அந்தப் பக்கம் போவதில்லை.

மலிவாகக் கிடைத்துப் பெரிதாக நிலைத்தவை 'வேனிட்டி ஃபேர்' வாரப் பத்திரிகையின் கேலிச் சித்திரங்கள், 1869 முதல் 1914 வரை வந்தவை. 'ஸ்பை' என்ற பெயரில் லெஸ்லி வார்ட் வரைந்த பிரபுக்களும் நீதிபதிகளும் பழைய சந்தைகளில் அசலாகவே அகப்படுகிறார்கள். பூதக்கண்ணாடி கொண்டு போங்கள். பூப்போல வட்டம் வட்டமாக ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் இந்தக் கால அச்சு. கல்லச்சில் (லித்தோகிராஃப்) வந்த அசலில் கோலமாவைத் தூவியதுபோல ஒழுங்கில்லாத பொடி மணிகள் தெரியும்.

பிரேம் விஷயத்தில் பணம் போகவேண்டியது மரச் சட்டத்துக்கு அல்ல, படத்தைச் சுற்றி வரும் மவுண்ட் அட்டைக்கு. அமிலம் கலந்த மலிவு அட்டையின் வெட்டு விளிம்பு பழுப்பாகி, அந்தக் கோடு அப்படியே படத்தில் இறங்குகிறது. என்னிடமிருந்த ஒரு நீதிபதி படத்துக்கு அப்படி ஆகிவிட்டது, அதை வீட்டில் எடுக்க வழியில்லை. கண்ணாடிக்குப் பதில் போடும் அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு லேசு, ஆனால் தூசியை இழுக்கும், துடைத்தால் கீறும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி விலை கூட, வெயில் படும் சுவருக்கு மட்டும் போதும். கண்ணாடி மேல் நேராக ஸ்ப்ரே அடிக்காதீர்கள், ஓரமாக உள்ளே இறங்கிவிடும், துணியில் அடித்துத் துடையுங்கள். பழைய வீடுகளின் வெளிச்சுவர் ஈரம் கோக்கும் என்பதால் பிரேமின் கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டிக் காற்றுப் போக இடம் விட்டிருக்கிறேன். வாடகை வீட்டில் விக்டோரியா காலத்து மரப் பட்டி சுவரின் மேலே ஓடினால் உங்களுக்கு யோகம்: கொக்கியும் கம்பியும் போட்டுத் தொங்கவிடலாம், ஓட்டையே போடவேண்டாம், வீட்டுக்காரர் டெபாசிட்டில் கை வைக்கவும் முடியாது.