உப்புக்காற்றில் ஓவியச் சுவர்: எக்ஸ்ஆர்எஃப்பா, ராமனா?

ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்தில் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய ஓவியங்கள் சுவர் நிறைய இருக்கின்றன. ராமாயணம், தஞ்சை மராத்தியரோடு நடந்த போர், சேதுபதியைக் காண வந்த ஐரோப்பியர் என்று ஒவ்வொன்றும் இந்த மண்ணின் ஆவணம். இவற்றில் கை வைக்கும் முன் வண்ணம் எது, காரை எது, உள்ளே ஏறிய உப்பு எது என்று தெரிந்தாக வேண்டும். சுவரைச் சுரண்டாமலே இதைச் சொல்லக்கூடிய கருவிகளில் முக்கியமானவை இரண்டு: கையடக்க எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ் கதிர் ஒளிர்வுமானி), சி.வி. ராமன் பெயரைத் தாங்கிய ராமன் நிறமாலைமானி.

எக்ஸ்ஆர்எஃப் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று காட்டும். ராமன் லேசரைப் பாய்ச்சி, மூலக்கூறின் அதிர்வைக் கொண்டு சேர்மத்தையே அடையாளம் சொல்லும்.

சிவப்பு வண்ணத்துக்கு எக்ஸ்ஆர்எஃப்தான் வேகம். இரும்பு தெரிந்தால் காவி, பாதரசம் என்றால் சாதிலிங்கம், ஈயம் என்றால் ஈயச்செந்தூரம். ஓர் இடத்துக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் அவுரி நீலத்திலும் கரிக் கறுப்பிலும் அது குருடு. கார்பன், நைட்ரஜன் போன்ற லேசான தனிமங்கள் அதன் கண்ணில் படாது. அங்கே ராமன் கெட்டிக்காரன். அதற்கும் தொல்லை உண்டு. பழைய மெருகெண்ணெயும் பசையும் லேசர் பட்டதும் ஒளிர்ந்து, தேடும் சமிக்ஞையை மூழ்கடித்துவிடும். லேசரின் திறனைக் கூட்டினால் ஈயச்செந்தூரம் நிறம் மாறிவிடும், அது திரும்ப வராது. ஆகவே சில மில்லிவாட்டில், பொறுமையாகத்தான் பார்க்க வேண்டும்.

சரி, இந்தக் கரையில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வண்ணம் அல்ல, உப்பு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு நீராகக் கரையும், கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். கடலோரத்தில் இந்த ஏற்ற இறக்கம் ஓய்வதே இல்லை. படிகம் வளரும் ஒவ்வொரு முறையும் வண்ணப் படலத்தை உள்ளிருந்து தள்ளுகிறது. இந்தச் சாதாரண உப்பில் ராமன் தோற்றுவிடும், அதன் படிக அமைப்பு தெளிவான ராமன் கோடு எதையும் தராது. எக்ஸ்ஆர்எஃப் சோடியத்தைப் பிடிக்காவிட்டாலும் குளோரினைக் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் சுவரில் சேரும் வேறு உப்புகளான ஜிப்சத்திலும் (கால்சியம் சல்ஃபேட்) நைட்ரேட்டிலும் நிலைமை தலைகீழ். கால்சியம் சுண்ணாம்புக் காரை முழுக்க இருப்பதால், எக்ஸ்ஆர்எஃப் காட்டும் கால்சியத்தையும் கந்தகத்தையும் மட்டும் வைத்து ஜிப்சம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ராமன் நிறமாலையில் 1008 செ.மீ⁻¹-ஐ ஒட்டிய கோடு அதைச் சொல்லிவிடும். நைட்ரேட் தெரிந்தால் வௌவால் எச்சத்தையோ கழிவுநீரையோ சந்தேகிக்கலாம். சிகிச்சையும் இதைப் பொறுத்தே மாறும்: சாதாரண உப்பை ஈரக் காகிதக்கூழ் பற்றுப்போட்டு இழுக்கலாம், ஜிப்சம் நீரில் அவ்வளவாகக் கரையாது. லேசரால் துளி பொருளை ஆவியாக்கிச் சோடியத்தையும் காட்டும் முறை ஒன்று உண்டு. அது சின்னக் குழி விடும் என்பதால் உதிர்ந்த காரைத் துண்டுக்கு மட்டும் போதும், ஓவியத்தின் மேல் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவர்கள் பவளக் கல்லால் ஆனவை. பவளக் கல் அரகோனைட், சுட்ட சுண்ணாம்பு காற்றில் இறுகினால் கால்சைட். இரண்டும் கால்சியம் கார்பனேட்தான், படிக அமைப்பு மட்டும் வேறு. எக்ஸ்ஆர்எஃப்பில் இரண்டும் வெறும் கால்சியமாகவே தெரியும், ராமன் பிரித்துவிடும். ஆனால் பவளத்தில் ஸ்ட்ரோன்சியம் சிப்பியில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் காரைச் சுண்ணாம்பைப் பவளம் சுட்டு எடுத்தார்களா, சிப்பி சுட்டு எடுத்தார்களா என்பதற்கு எக்ஸ்ஆர்எஃப் நல்ல தடயம் தரும்.

ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ராமலிங்க விலாசத்துக்கு நான் எக்ஸ்ஆர்எஃப்பையே கேட்பேன். குளோரின் எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது என்று சுவர் முழுக்கக் குறித்துவிடலாம். எக்ஸ் கதிர்க் கருவி என்பதால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். குறித்த இடங்களில் சந்தேகம் தீராத சிலவற்றுக்கு மட்டும் ராமனை வரவழைத்தால் போதும். தனுஷ்கோடியில் ஒட்டுப்போடும் வேலை என்றால் ராமன் முதலில் போகட்டும். எது கல், எது பின்னால் பூசிய காரை என்று தெரியாமல் அங்கே ஒரு கரண்டி சாந்துகூட வைக்கக் கூடாது.