மேல்காற்று அட்டவணையுடன் ஐந்து ஆண்டுகள்

கணினி சிமுலேட்டரில் நெடுந்தூர விமானம் ஓட்டுவது என் பொழுதுபோக்கு. பெரும்பாலும் போயிங் 777, பெரும்பாலும் அட்லாண்டிக்கைக் கடக்கும் பயணம். தொடக்கத்தில் காற்று என்பது இறங்கும்போது மட்டும் கவனிக்க வேண்டிய சங்கதி என்றே நினைத்திருந்தேன். லண்டனிலிருந்து நியூயார்க்குக்குக் கிளம்பிய ஒரு ஜனவரிப் பயணத்தில், எதிர்க்காற்றால் எரிபொருள் போதாமல் கனடாவின் கேண்டரிலேயே இறங்க நேர்ந்தது. அன்றுதான் உறைத்தது. அதன்பின் மேல்காற்று அட்டவணையை, அதாவது ஒவ்வொரு உயரத்திலும் காற்று எப்படி இருக்கும் என்ற முன்னறிவிப்பை, பார்க்காமல் கிளம்பியதே இல்லை.

அட்டவணை முதலில் மிரட்டத்தான் செய்யும். 39,000 அடிக்கு நேராக 731960 என்றிருக்கும். முதல் இரண்டு இலக்கம் திசை (பத்து டிகிரிக் கணக்கில்), அடுத்த இரண்டு வேகம், கடைசி இரண்டு வெப்பநிலை. திசைக்கு 36-க்கு மேல் எண்ணே கிடையாதே, 73 எப்படி வந்தது? வேகம் 100 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) அளவை எட்டினால் திசையோடு 50-ஐக் கூட்டி எழுதுவார்கள். நாம் 50-ஐக் கழித்து, வேகத்தோடு 100-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆக, 230 டிகிரியிலிருந்து 119 நாட், மைனஸ் 60 டிகிரி குளிர். 24,000 அடிக்கு மேல் எப்போதும் மைனஸ்தான் என்பதால் அந்தக் குறியையும் போடுவதில்லை. இதைவிட என்னைக் குழப்பியது திசைதான். 270 என்றால் மேற்கே போகிற காற்று அல்ல, மேற்கிலிருந்து வருகிற காற்று. தென்றல் தெற்கிலிருந்துதான் வரும் என்று தெரிந்திருந்தும், இது பிடிபட எனக்கு ஒரு வாரம் ஆனது.

எவ்வளவு உயரம் போகிறோமோ அவ்வளவு சிக்கனம் என்று எல்லோரும் சொல்வார்கள். காற்றில்லாத வானத்தில் அது பெரும்பாலும் சரி. மேற்கு நோக்கிப் போன ஒரு பயணத்தின் குறிப்பு என் நோட்டில் இருக்கிறது. 36,000 அடியில் காற்றுக்குள் விமானத்தின் வேகம் 482 நாட், எதிர்க்காற்று 110, தரைவேகம் 372. மணிக்கு 7.1 டன் எரிந்தது. 32,000 அடிக்கு இறங்கினேன். அங்கே எரிவது 7.5 டன். ஆனால் விமானத்தின் வேகம் 491, எதிர்க்காற்று 70 நாட்தான், தரைவேகம் 421. தரைவேகத்தை எரிபொருளால் வகுத்தால், மேலே ஒரு டன்னுக்கு 52 கடல்மைல், கீழே 56. மிச்சமிருந்த 2,000 கடல்மைலுக்குச் சுமார் இரண்டரை டன் லாபம். மணிக்கு எவ்வளவு எரிகிறது என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, கூடுதலாக எரித்து மிச்சம் பிடிப்பது விநோதமாக இருந்தது. இப்போது என் கண் முதலில் போவது ஒரு டன்னுக்கு எத்தனை மைல் என்ற கணக்குக்குத்தான்.

வேகத்திலும் இதே போன்ற திருகல் உண்டு. எதிர்க்காற்றில் சற்று விரைவாகவும், பின்காற்றில் சற்று நிதானமாகவும் போனால்தான் எரிபொருள் மிஞ்சும். எதிர்க்காற்றில் மெதுவாகப் போவது அதற்குள் கிடக்கும் நேரத்தை நீட்டுவதுதான்.

போகும்போது இழந்ததை வரும்போது காற்று திருப்பித் தந்துவிடும் என்றும் நம்பியிருந்தேன். தராது. 480 நாட் வேகத்தில், 2,000 கடல்மைல் தூரத்துக்கு, 100 நாட் காற்றில் போய்த் திரும்பினால், காற்றே இல்லாத நாளைவிட 23 நிமிடம் கூடுதலாகும். எதிர்க்காற்றுக்குள் அதிக நேரம் இருக்கிறோம், பின்காற்றுக்குள் குறைந்த நேரமே இருக்கிறோம் அல்லவா?

குறைகளும் உண்டு. உலகம் முழுமைக்குமான காற்று முன்னறிவிப்பு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, கிரீன்விச் நேரப்படி 00, 06, 12, 18 மணிக் கணிப்பாக, புதுப்பிக்கப்படுகிறது. காலையில் போட்ட திட்டத்தை இரவில் எடுத்துப் பறந்தால், உயரத்தில் ஆறு போல விரைந்தோடும் ஜெட் காற்றோட்டம் அதற்குள் நகர்ந்திருக்கும். சிமுலேட்டரில் இன்னொரு தொல்லை: திட்டமிடும் கருவி ஒரு கணிப்பை எடுக்கும், வானிலை தரும் நிரல் வேறொன்றை எடுக்கும். புதிய கணிப்பு உள்ளே வரும் நொடியில் காற்று சட்டென 40 நாட் மாறி, வேகமானி சிவப்பைத் தொடும். நிஜ வானில் காற்று இப்படி ஒரே நொடியில் பக்கம் புரட்டுவதில்லை. ஐந்து ஆண்டாக இது சரியாகவில்லை, எனக்கு எரிச்சலும் தீரவில்லை.

அதனால் பாதையில் குறித்துவைத்த ஒவ்வொரு வழிப்புள்ளியிலும் கணித்த காற்று, கண்ட காற்று இரண்டையும் பென்சிலால் எழுதிவிடுகிறேன். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளில் 20 நாட் அளவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் புது அட்டவணையை இறக்கி, உயரத்தை மறுபடி கணக்கிடுகிறேன். போன மாதம் அதே நியூயார்க் பயணம். கேண்டர் இடப்பக்கத் திரையில் மெல்லக் கடந்து போனது. தொட்டியில் 19 டன் இருந்தது.