லீவுக் கணக்கு: அட்டையா, ஷீட்டா, கைரேகை மெஷினா?

திருப்பூர் பனியன் கம்பெனியோ கோவை பவுண்டரியோ ஈரோட்டு மில்லோ, சம்பளத்தோடு கூடிய லீவைக் கணக்கு வைக்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன: லீவு அட்டை, எக்செல் அல்லது கூகுள் ஷீட், கைரேகை மெஷினோடு இணைத்த சம்பள மென்பொருள். ஐம்பது, அறுபது பேர் வேலை செய்யும் இடத்துக்கு ஷீட் போதும்; மூன்றாவதுக்குக் காசு கொட்ட வேண்டியதில்லை.

எதில் எழுதினாலும் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான். தொழிற்சாலையில் 20 நாள் வேலைக்கு 1 நாள் லீவு. 262 நாள் வேலை என்றால் 13.1, அதாவது 13 நாள். 270 என்றால் 13.5, அரை நாளும் அதற்கு மேலும் முழு நாளாகும் என்பதால் 14. இந்தத் தகுதிக்கு 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 240 நாள் வேலை கேட்டது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பில் அது 180. பழைய ஷீட்டையும் பழைய மென்பொருளையும் அப்படியே ஓட்டுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய எண் இது. அடுத்த ஆண்டுக்கு 30 நாள் வரை கொண்டுபோகலாம். ஜவுளிக்கடை, அலுவலகம் போன்றவற்றுக்குச் சட்டமும் கணக்கும் வேறாக இருக்கலாம். அப்படியானால் இரண்டையும் ஒரே ஷீட்டில் கலக்கக் கூடாது.

அட்டையின் பலம், அது தொழிலாளி கையில் இருப்பது. கையெழுத்தோடு இருப்பதால் பின்னால் தகராறு வராது. ஆனால் போன லீவைத்தான் அது சொல்லும். வருகிற வாரம் ஒரே லைனில் பிளாட்லாக் (ஒரு வகைத் தையல் மெஷின்) அடிக்கிற மூன்று பேரும் ஊருக்குப் போகிறார்கள் என்பதை எந்த அட்டையும் காட்டாது.

அதைக் காட்டுவது ஷீட். ஆளுக்கு ஒரு வரி. முன்பாக்கி, இந்த ஆண்டு சேர்ந்தது, எடுத்தது, ஒப்புக்கொண்டது, மீதி என ஐந்து பத்தி. பலர் விட்டுவிடுவது நான்காவதை. அது இல்லாவிட்டால் அக்டோபரில் ஒருவருக்கு மீதி 9 என்று காட்டும். அதில் 6 நாள் தீபாவளிக்கு ஏற்கெனவே சொல்லியாயிற்று என்பது சூப்பர்வைசருக்கு மட்டும்தான் தெரியும். இன்னொரு தாளில் தேதிவாரியாக, லைன்வாரியாக, மெஷின்வாரியாக எத்தனை பேர் இல்லை என்று எண்ணி, வரம்பு தாண்டினால் சிவப்பாகும்படி வைத்துவிடுங்கள்.

நாள்களை எண்ண நெட்வொர்க்டேஸ் (NETWORKDAYS) ஃபங்ஷனைப் போட்டால் சனிக்கிழமையையும் விடுமுறையாக எடுத்துக்கொள்ளும். நம் பக்கம் சனிக்கிழமை வேலை நாள், பல இடங்களில் சம்பள நாளும்கூட. நெட்வொர்க்டேஸ்.இன்டல் (NETWORKDAYS.INTL) போட்டு, தொடக்கத் தேதி, முடிவுத் தேதிக்கு அடுத்து மூன்றாவது இடத்தில் 11 என்று கொடுங்கள். ஞாயிறு மட்டும் கழியும். நான்காவது இடத்தில் பண்டிகை விடுமுறைத் தேதிகள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போக இன்னும் 5 நாள். இவை லீவுக்கு நடுவில் வந்தால் லீவில் கழிக்கக் கூடாது. தேதியை 5.11.25 என்று புள்ளி வைத்து அடித்தால் பெரும்பாலும் எழுத்தாக நின்றுவிடும், கணக்கு தப்பும். ஒரு பத்தியை மட்டும் வரிசைப்படுத்தினால் பேரும் நாளும் இடம் மாறிவிடும். ஃபார்முலா உள்ள கட்டங்களைப் பூட்டி வையுங்கள்.

கைரேகை மெஷின் இருநூறு பேருக்கு மேல் போனால் அவசியம். வேலை நாளைத் தானே எண்ணும், அதுதான் பெரிய லாபம். தொல்லையும் அங்கேயே: சாயப்பட்டறையிலும் வார்ப்படத்திலும் விரல் தேய்ந்தவர்களின் ரேகை விழாது. இரவு 8 மணிக்கு வந்து காலை 8 மணிக்குப் போகிறவரின் ஷிப்டைச் சரியாக அமைக்காவிட்டால் வந்த பதிவு ஒரு தேதியிலும் போன பதிவு மறு தேதியிலும் நின்று ஆப்சென்ட் ஆகும். விடுபட்டதற்கு லீவைத் தானாகக் கழிக்கும் அமைப்பு இருந்தால், ஆள் வேலை செய்த நாளுக்கே லீவு போய்விடும். அந்த அமைப்பை அணைத்து வைப்பதே நல்லது. லீவு ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறதா என்றும் பாருங்கள். சட்டத்தின் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை.

திட்டமிடலில் மூன்றுமே தடுமாறும் இடம் மாரியம்மன் நோம்பி, அதாவது ஊர்க் கோயில் திருவிழா. பூச்சாட்டிய பிறகுதான் தேதி உறுதியாகும். எட்டு நாளிலோ பதினைந்து நாளிலோ கோயிலில் பொங்கல் வைக்கும் நாள் வந்துவிடும். ஊருக்கு ஊர் தேதி வேறு. அதனால் ஆண்டுத் தொடக்கத்தில் ஆளுக்கு 2 நாளைத் தேதியில்லாமல் ஒதுக்கிவைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். பீகார், ஜார்க்கண்ட் ஆட்களுக்கு நேர்மாறு: தேதி முன்பே தெரியும். தீபாவளி முடிந்து ஆறேழு நாளில் வரும் சட் பூஜைக்குப் போகிறவர்கள் ரயிலிலேயே போக, வர நாலைந்து நாளைக் கழிப்பார்கள். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்பே ஷீட்டில் ஒப்புதல் விழுந்திருக்க வேண்டும். டிக்கெட் கிடைக்காதவர் பெயரை மறுநாளே எடுத்துவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குக் கிடைக்கும்.