வால் நிறம் மாறிக்கொண்டே இருந்தது: திருச்சியிலிருந்து 13 வருடம் பறந்த அனுபவம்

அறந்தாங்கிப் பக்கம் எங்கள் ஊர். புதுக்கோட்டை தாண்டி வரும்போது திருச்சி டவுனுக்கு முன்பாகவே விமான நிலையம் வந்துவிடும். 2012-ல் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பியதிலிருந்து வருடத்துக்கு இரண்டு தடவையாவது அந்த ரோட்டில் வேனில் போய்க்கொண்டிருக்கிறேன். ஒரு விமானத்தில் ஒரு தடவை போய்விட்டு சீட் நல்லா இருந்தது, சாப்பாடு ஆறிப்போயிருந்தது என்று எழுதுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பது வேறு. இந்தப் பதின்மூன்று வருடத்தில் நான் ஏறிய விமானங்களின் பெயர் மாறியது, பெயின்ட் மாறியது, முதலாளி மாறினார். அதில் எது என் பெட்டியையும் பையையும் தொட்டது, எது தொடவே இல்லை என்பதுதான் விஷயம்.

முதல் பயணம் சிங்கப்பூரின் மலிவு விமானக் கம்பெனியான டைகர் ஏர்வேஸில். வாலில் புலி. வழியனுப்ப இரண்டு வேனில் ஆள் வந்திருந்தார்கள். அம்மா கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே, "புலி போட்ட பிளேனா, பாத்துப் போ தம்பி" என்றார், புலிக்கும் எனக்கும் சேர்த்துச் சொல்வது போல. அந்த வருடம் அக்டோபரில்தான் திருச்சிக்கு சர்வதேச விமான நிலையம் என்ற அந்தஸ்தே முறைப்படி கிடைத்தது. வெளிநாட்டு விமானங்கள் அதற்கு முன்பே வந்துபோய்க்கொண்டிருந்தன. பலகை பிறகுதான் வந்தது.

2013-ல் டைகர் ஏர்வேஸ் 'டைகர்ஏர்' ஆனது. ஆரம்பத்திலிருந்தே அதில் பெரிய பங்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு உண்டு. 2016-ல் அவர்கள் மிச்சப் பங்குகளையும் வாங்கி மொத்தத்தையும் கையில் எடுத்தார்கள். 2017 ஜூலையில் தங்களுடைய இன்னொரு மலிவுக் கம்பெனியான ஸ்கூட்டோடு இதைச் சேர்த்து, டைகர் பெயரையே எடுத்துவிட்டார்கள். புலி போய் மஞ்சள் வந்தது. ஒரு வேடிக்கை என்னவென்றால், பெயரில் ஸ்கூட் ஜெயித்தது, விமான எண்ணில் டைகர் ஜெயித்தது. அதுவரை 'டிஇசட்' என்று ஓடிய ஸ்கூட், டைகரின் 'டிஆர்' எழுத்துகளை எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் என் போர்டிங் பாஸில் அந்த 'டிஆர்' இருக்கிறது. புலியின் மிச்சம் அவ்வளவுதான்.

பயணியாக எனக்கு என்ன மாறியது? உண்மையைச் சொன்னால், பெரிதாக ஒன்றுமில்லை. அதே நாலு மணி நேரம், முன்சீட்டில் முட்டும் அதே முழங்கால், பெட்டிக்குத் தனிக் காசு. கையில் 10 கிலோ கொண்டுபோகலாம் என்பது மட்டும் எனக்குப் பிடித்தது. வீட்டில் கொக்கித் தராசு ஒன்று வைத்திருக்கிறோம். கிளம்புகிற அன்று சாயங்காலம் உத்தரத்தில் கயிறு கட்டி, தராசை மாட்டி, பையைத் தொங்கவிட்டு, ஊறுகாய் ஜாடியை உள்ளே வைப்பதும் வெளியே எடுப்பதுமாக ஒரு கூத்து நடக்கும். அந்தக் கூத்துக்கு விமானத்தின் முதலாளி யார் என்பது பொருட்டே இல்லை.

ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கதை வேறு. அரசாங்கத்துக் கம்பெனியாக இருந்த காலத்தில் எங்கள் ஆட்களுக்கு அதன்மேல் ஒரு விதமான பாசமும் ஒரு விதமான சலிப்பும் இருந்தன. பெட்டி எடை டிக்கெட்டிலேயே அடக்கம் என்பதால் பாசம். சலிப்புக்கு நான் காரணம் சொல்ல வேண்டியதில்லை, அரசு ஆபீஸ் வரிசையில் நின்ற யாருக்கும் தெரியும். ஆனால் 2020-ஐ மறக்க மாட்டேன். மார்ச் 23-ல் சர்வதேச விமானங்களை நிறுத்தினார்கள். வழக்கமான சேவை திரும்ப 2022 மார்ச் 27 ஆனது. நடுவில் 'வந்தே பாரத்' என்ற பெயரில் சிறப்பு விமானங்கள் ஓடின. அதில் ஒன்றில்தான் ஊர் வந்து சேர்ந்தேன். முகக்கவசத்தின் மேல் பிளாஸ்டிக் மறைப்பு, நடுசீட்டுக்காரருக்கு வெள்ளை அங்கி, ஒருவரும் பேசவில்லை. சக்கரம் தரையைத் தொட்டதும் பின்வரிசையில் ஒரு பெரியவர் "முருகா" என்றார். விமானம் முழுக்கக் கேட்டது. அந்த ஒரு பயணத்துக்காக அந்தக் கம்பெனிக்கு நான் நிரந்தரமாகக் கொஞ்சம் மதிப்பெண் கூடப் போட்டுவிடுவேன், பாரபட்சம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

2022 ஜனவரி 27-ல் ஏர் இந்தியாவும் எக்ஸ்பிரஸும் டாடா கைக்குப் போயின. 18,000 கோடி ரூபாய் ஏலம். அதில் ரொக்கம் 2,700 கோடி, மிச்சமெல்லாம் கடனை ஏற்றுக்கொண்ட கணக்கு. அப்புறம் மலேசியாவின் ஏர்ஏஷியாவோடு கூட்டாக நடத்திய ஏர்ஏஷியா இந்தியாவையும் டாடாவே முழுதாக வாங்கி, 2024 அக்டோபரில் எக்ஸ்பிரஸோடு கரைத்தார்கள். இந்த மாற்றம் மட்டும் பயணிக்குத் தெரிந்தது. புது விமானங்கள் வந்தன, ஆரஞ்சு நிறம் வந்தது, பெட்டி இல்லாத மலிவு டிக்கெட் 2024-ல் வந்தது. முன்பு 'இந்த விமானம் என்றால் பெட்டி உண்டு' என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவர்கள் இப்போது டிக்கெட்டின் வகையைப் படித்துப் பார்க்க வேண்டும். இரண்டு கம்பெனி ஒன்றாகும்போது உள்ளே எவ்வளவு புழுக்கம் இருக்கும் என்பதும் வெளியே வந்தது. 2024 மே மாதத்தில் கேபின் ஊழியர்கள் கூட்டமாக மருத்துவ விடுப்பு எடுத்ததில் நாடு முழுக்க விமானங்கள் ரத்தாயின.

இன்னொரு கணக்கைப் பாருங்கள். டாடாவின் இன்னொரு விமானக் கம்பெனியான விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு சேர்ந்தபோது, விஸ்தாராவில் பங்கு வைத்திருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு ஏர் இந்தியாவில் 25.1 சதவீதம் வந்தது. ஏர் இந்தியாவின் பிள்ளைதான் எக்ஸ்பிரஸ். ஸ்கூட்டோ முழுக்க சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பிள்ளை. திருச்சி கவுண்டரில் எதிரெதிராக நிற்கும் ஆரஞ்சும் மஞ்சளும் ஒரு வகையில் சித்தப்பா பெரியப்பா மக்கள். இந்தத் தடத்தில் இண்டிகோவும் ஓடுவதால்தான் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. கம்பெனிக்காரர்கள் பேசிவைத்துக்கொள்கிறார்கள் என்று சொல்லவில்லை. மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தால் மற்ற இருவரும் கொஞ்சம் நிதானமாக விலை சொல்வார்கள், மாட்டுச் சந்தையிலிருந்து எல்லா இடத்திலும் அப்படித்தான்.

சரி, இவ்வளவு மாற்றத்தில் புதுத் தடங்கள் வந்தனவா? இங்கேதான் நான் ரொம்ப நாள் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய முதலாளி வந்தால் புது ஊர்களுக்கு விமானம் வரும் என்று நினைத்தேன். தடத்தை முடிவு செய்வதில் முதலாளிக்கு முன்னால் நிற்பது அரசாங்கங்களுக்கு இடையிலான ஒப்பந்தம். எந்த நாட்டு விமானம் இந்தியாவில் எந்த ஊரில் இறங்கலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. 'பாயின்ட் ஆஃப் கால்' என்பார்கள். தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பான ஆசியான் நாடுகளுக்கு இந்தியா திறந்துவிட்ட 18 ஊர்களில் திருச்சியும் ஒன்று. அதனால்தான் சிங்கப்பூரின் ஸ்கூட், மலேசியாவின் ஏர்ஏஷியாவும் பாத்திக் ஏரும் இங்கே வர முடிகிறது. 2023 நவம்பரில் வியட்நாமின் வியட்ஜெட் ஹோசிமின் நகரத்திலிருந்து வந்து இறங்கியதும் அந்தக் கதவு வழியாகத்தான். வளைகுடா நாடுகளின் பட்டியலில் திருச்சி இல்லை. எமிரேட்ஸ் நினைத்தாலும் வர முடியாது. இந்தியக் கம்பெனிக்கு அந்தத் தடை இல்லை, எந்த ஊரிலிருந்தும் போகலாம்.

இதன் விளைவை என் மச்சானைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவர் ஷார்ஜாவில் இருக்கிறார். எனக்கு மூன்று கவுண்டர் இருந்த காலத்தில் அவருக்கு நேர் விமானம் என்றால் எக்ஸ்பிரஸ் என்ற ஒரே கவுண்டர்தான். அந்த ஒரு கம்பெனியின் முதலாளி யார், அவருக்குத் திருச்சிமேல் அக்கறை உண்டா என்பது மச்சானுக்கு வாழ்க்கைப் பிரச்சினை. எனக்கு அது வெறும் செய்தி. நேர் விமானம் இல்லையென்றால் மச்சான் கொழும்பு சுற்றிப் போக வேண்டும். ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் நெடுங்காலமாகத் திருச்சிக்கு வருகிறது, எங்கள் மாவட்டத்துக்காரர்கள் பாதிப் பேர் வளைகுடாவுக்கு அந்த வழியில் போய்ப் பழகியவர்கள். அதுவும் கைமாறிய கம்பெனிதான். ஏர் லங்காவாக இருந்ததில் 1998-ல் எமிரேட்ஸ் பங்கு வாங்கி, 2008 வரை நிர்வாகமும் பார்த்தது. எமிரேட்ஸ் திருச்சிக்கு வராவிட்டாலும் பத்து வருடம் அதன் கைப்பக்குவம் கொழும்பு வழியாக வந்திருக்கிறது என்று மச்சான் சிரிப்பார். 2024 ஆகஸ்டில் இண்டிகோ அபுதாபிக்கு விட்ட பிறகு அவருக்கும் பேரம் பேச ஓர் இடம் கிடைத்தது. அபுதாபியில் இறங்கி ஷார்ஜாவுக்கு ரோட்டில் போய்விடுகிறார்.

கசப்பான அனுபவம் ஒன்றும் உண்டு, கம்பெனி பெயர் வேண்டாம். இரண்டு கம்பெனி சேர்ந்துகொண்டிருந்த சமயம். பொங்கல் முடிந்து திரும்ப, ஊர் டிராவல்ஸ் தம்பியிடம் டிக்கெட் போட்டிருந்தேன். விமானம் மூன்று மணி நேரம் முன்னால் நகர்ந்துவிட்டது. தகவல் வந்தது எனக்கில்லை, அவனுக்கு. டிக்கெட் போடும்போது அவசரத்தில் தன் நம்பரையே கொடுத்திருக்கிறான். அவனுக்கு ஒரு நாளைக்கு அந்த மாதிரி நூறு மெசேஜ். கீரனூர் தாண்டும்போது போன் வந்தது. "அண்ணே, எங்கண்ணே இருக்கீங்க? டைம் மாறிருச்சுண்ணே!" வேன் டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்த மிதியில் தேங்காய் மூட்டை உருண்டு என் அக்கா மகன் மடியில் விழுந்தது. கவுண்டர் மூடி ஐந்து நிமிடம். பழைய பெயரில் போட்ட டிக்கெட் புது சிஸ்டத்தில் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கே அங்கே இருந்த பெண்ணுக்கு நேரம் போதவில்லை. பாவம், அவரையும் குறை சொல்ல முடியாது. மறுநாள் வேறு டிக்கெட், முழுக் காசு. பாதிப் பணம் நாலு மாதம் கழித்து வந்தது.

கோலாலம்பூர் பக்கம் எனக்கு அனுபவம் குறைவு. இந்தியாவுக்கு ஏர்ஏஷியா விட்ட முதல் தடமே 2008-ல் திருச்சிக்குத்தான் என்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பெருமை. மலிந்தோ என்ற மலேசியக் கம்பெனி 2022-ல் பாத்திக் ஏர் ஆனது. ஏர்ஏஷியா, மலிந்தோ இரண்டிலும் ஒவ்வொரு முறை போயிருக்கிறேன், மலிந்தோவில் கால் நீட்ட இடம் இருந்தது.

உள்நாட்டுத் தடங்கள் இங்கே எப்போதும் சவலைப் பிள்ளைதான். உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் உள்ள நிலையம் இது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் மொத்தமாக நின்றபோது சென்னைக்கு ஒரே கம்பெனி என்றானது. பிறகு இரண்டானது. ஆனாலும் வந்தே பாரத் ரயில் நாலு மணி நேரம் சுமாருக்குச் சென்னையில் இறக்கிவிடும்போது நான் எதற்கு ஒரு மணி நேரம் முன்னாடி போய் பெல்ட்டைக் கழற்ற வேண்டும்?

புது முனையம் 2024 ஜனவரி 2-ல் திறக்கப்பட்டு ஜூன் 11 முதல் இயங்குகிறது. ஸ்ரீரங்கத்துக் கோபுர வண்ணம், சுவரெல்லாம் ஓவியம். பழைய முனையத்தில் நடுராத்திரி மூன்று விமானம் சேர்ந்து வந்தால் மூச்சு முட்டும். இப்போது அந்தத் தொல்லை இல்லை. ரோட்டிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருப்பதால் பெட்டியோடு பஸ்ஸில் வருகிறவர்கள் ஆட்டோ பிடித்துவிடுங்கள். கூலிக்குச் சாமான் சுமந்து போய்வரும் 'குருவி'கள் மட்டும் பழையபடி, பை கனமாக, முகம் சாதாரணமாக. ஓடுபாதை இன்னும் 8,136 அடிதான். நீட்டிப்புக்கு நிலம் எடுக்கும் பேச்சு நான் முதல் தடவை ஏறியபோதும் நடந்தது. நிலையத்தையே தனியாருக்குக் கொடுக்கும் 13 நிலையப் பட்டியலில் 2021-ல் திருச்சி பெயரும் வந்தது. கட்டடத்தின் முதலாளி மாறினால் எனக்கு எவ்வளவு ஆகும் என்பது டிக்கெட்டில் 'பயனர் கட்டணம்' என்ற வரியில் தெரிந்துவிடும், அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

2025 மார்ச் 30-லிருந்து யாழ்ப்பாணத்துக்கு இண்டிகோவின் சின்ன விமானம் போகிறது. விசிறி வைத்த ஏடிஆர், ஏறி உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் யாழ்ப்பாண விமான நிலையமான பலாலி. நல்லூர்க் கந்தனைப் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசை. "இதுல புலி இருக்குமா?" என்று கேட்டார். இல்லை என்றதும் கொஞ்சம் ஏமாற்றம். தை பிறந்ததும் போகிறோம். டிக்கெட் அதே டிராவல்ஸ் தம்பியிடம்தான், போன் நம்பர் கட்டத்தை மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து நானே நிரப்பினேன்.