ஐந்து ரோட்டில் ஒரு 'பிக் அப்' பாடம்: ஏற்காட்டு ஊழியர்களுக்கான ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எப்படி?

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் மையத்தில், ஏற்காட்டு ஹோட்டல் ஊழியர்களுக்கும் டாக்ஸி ஓட்டுநர்களுக்கும் தனி வகுப்பு நடக்கிறது. சனி, ஞாயிறு மலையில் கூட்டம் என்பதால் செவ்வாய், புதன் மதியத்தில் வைத்திருக்கிறார்கள். அதுவே பெரிய உதவி. மொத்தம் 8 வகுப்பு, தலா ஒன்றரை மணி நேரம். அதில் முழுசாக 2 வகுப்பு 'பிக் அப்' என்ற ஒரே வினைக்குப் போகிறது. அதிகம் என்று தோன்றலாம். இல்லை. இந்தத் தொழிலில் நாள் முழுக்க வாயில் புழங்குவதும் இதுதான், தப்பாக வருவதும் இதுதான்.

முதல் வகுப்பு அருமை. பட்டியலைக் கையில் திணிக்காமல், நம்முடைய 'எடு'விலிருந்து தொடங்குகிறார்கள். கீழே விழுந்த சாவியை எடுக்கிறோம், அடிக்கிற போனை எடுக்கிறோம், வண்டி வேகம் எடுக்கிறது. மூன்றுக்கும் பிக் அப் பொருந்தும். அங்கிருந்து ஒவ்வொரு படியாக நகர்கிறது பாடம்: போன் சிக்னலைப் பிடிப்பது, பக்கத்து சீட்டுக்காரரிடமிருந்து சளி தொற்றிக்கொள்வது, புத்தகம் தொடாமல் காதால் கேட்டே கன்னடம் பழகிக்கொள்வது, மே மாதம் வியாபாரம் சூடுபிடிப்பது, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வது, வீட்டுக்குப் போகிற வழியில் பால் வாங்கிக்கொள்வது. வழியில் அகப்படுவது நம்மிடம் வந்து சேர்கிறது. தாழ்ந்து கிடப்பது மேலே ஏறுகிறது. இந்த இரண்டையும் மனதில் வைத்தால் பெரும்பாலான பொருள் தானாகப் பிடிபடும். 'எடு' கைகொடுக்காத இடத்தையும் மறக்காமல் சொல்கிறார்கள். போட்டோ எடுப்பது, ஓய்வு எடுப்பது, பசி எடுப்பது இவை எதற்கும் பிக் அப் வராது.

காபித் தோட்ட உதாரணத்துக்காகவே இந்த வகுப்புக்குப் போகலாம். செடியில் பழுத்த பழத்தைப் பறிப்பது வெறும் 'பிக்'. 'அப்' சேர்ந்தால், தரையில் உதிர்ந்ததைப் பொறுக்குவது. தோட்டத்தில் இரண்டும் வேறு வேறு வேலை. உதிர்ந்த பழத்துக்குள் காய்த்துளைப்பான் வண்டு தங்கி அடுத்த காய்ப்பைத் தாக்கும் என்பதால், அறுவடை முடிந்ததும் தரையில் கிடப்பதைத் தனியாகப் பொறுக்கி அப்புறப்படுத்துவார்கள். வழிகாட்டி செடியைக் காட்டி 'தே ஆர் பிக்கிங் அப் காபி' என்று சொன்னால், விருந்தாளியின் கண் தரைக்குப் போகும். இல்லாவிட்டால் யாரோ கடையில் காபி வாங்குகிறார்கள் என்று எடுத்துக்கொள்வார். சேலத்து மாந்தோப்புக்கும் இதே கணக்குதான்: மரத்திலிருந்து பறித்தால் பிக், காற்றில் விழுந்ததைப் பொறுக்கினால் பிக் அப்.

அடுத்தது ஓட்டுநர்களுக்கான முக்கியப் பகுதி. 'ஐ வில் பிக் அப் யூ' என்றுதான் இங்கே பலரும் சொல்கிறார்கள். தமிழில் 'பிக்கப் பண்ணு' என்று ஒட்டிப்போன ஒரே சொல்லாகப் பழகிவிட்டதால், நடுவில் பிளக்க மனம் வருவதில்லை. யூ, ஹிம், ஹெர், இட், தெம் மாதிரி சுட்டும் சொல் வந்தால் அது கட்டாயம் நடுவில்தான் உட்கார வேண்டும்: 'பிக் யூ அப்', 'பிக் தெம் அப்'. ஆள் பெயரோ பொருள் பெயரோ வந்தால் இரண்டு இடமும் சரி: 'பிக் அப் த கெஸ்ட்', 'பிக் த கெஸ்ட் அப்'. ஆனால் 'ஜங்ஷன் வாசலில் நிற்கிற இரண்டு விருந்தாளிகள்' என்று நீளமாகப் போனால் பிளக்காமல் இருப்பது நல்லது. பிளந்தால் 'அப்' கடைசியில் அநாதையாகத் தொங்கும். இதைப் பத்துப் பத்து வாக்கியமாகச் சொல்லவைத்துப் பழக்குகிறார்கள். அந்தப் பயிற்சி இன்னும் அரை மணி கூடுதலாக இருக்கலாம்.

உணவகப் பையன்களுக்குச் சொல்லித்தரும் ஓர் எச்சரிக்கை உண்மையிலேயே விலைமதிப்பற்றது. மேசையில் இருக்கும் பில் அட்டையை எடுக்கப் போகும்போது 'ஐ வில் பிக் அப் த பில்' என்றால், 'பணத்தை நானே கட்டுகிறேன்' என்று பொருள். 'ஷால் ஐ டேக் திஸ்?' போதும். அதேபோல முன்பின் தெரியாத பெண்ணை மடக்குவது என்ற பொருளும் இந்த வினைக்கு உண்டு. தமிழ்ப் பேச்சிலும் அது புகுந்துவிட்டது. அதனால் பெண் விருந்தாளியிடம் பேசும்போது இடத்தையும் நேரத்தையும் சேர்த்தே சொல்லச் சொல்கிறார்கள்: எந்த வாசல், எத்தனை மணி. சரியான அறிவுரை.

இரண்டாம் வகுப்பில் தரம் இறங்கிவிடுகிறது. மீதிப் பொருள்களையெல்லாம் வரிசையாக எழுதவைக்கிறார்கள். அறையை ஒழுங்குபடுத்துவது என்ற அமெரிக்க வழக்கும் ஒரே மூச்சில் வந்துபோகிறது. பயிற்சி இல்லாமல் எழுதியது நிற்காது. உச்சரிப்பைத் தொடவே இல்லை, அது பெரிய குறை. 'பிக்கப்' பெயர்ச்சொல்லாக வந்தால் அழுத்தம் 'பிக்'கில். வினை என்றால் 'அப்'பில். கொடுக்கும் தாளிலும் 'பிக்'கையும் 'அப்'பையும் எங்கும் ஒட்டி ஒரே சொல்லாக அச்சிட்டிருக்கிறார்கள். பெயர்ச்சொல்லுக்குத்தான் அது சரி. வினைக்கு நடுவில் இடைவெளி வேண்டும். வாட்ஸ்அப்பில் விருந்தாளிக்கு அனுப்பும் செய்தியில் இந்தத் தவறு அப்படியே தொடரும்.

இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது. ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவிலும் 'வண்டிக்குப் பிக்கப் பத்தலை' என்று நாம் பேசிக்கொள்வது எல்லா ஊர்க்காரருக்கும் விளங்காது. 'ஆக்சிலரேஷன்' என்றால் எவருக்கும் விளங்கும். 'பிக்கப் அண்ட் டிராப்' என்ற நம் போர்டு வாசகத்தை வெளிநாட்டில் 'டிராப் ஆஃப்' என்று முடிப்பார்கள். சேருகிறவர்கள் இந்த இரண்டையும் முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் நேரம் ஒதுக்கிப் பொறுமையாகச் சொல்லித்தருகிறார்கள். ஓட்டுநர்கள் முதல் வகுப்பைத் தவறவிட வேண்டாம். இரண்டாவதுக்கு வர முடியாவிட்டால் தாளை மட்டும் வாங்கி, வினை வரும் இடத்திலெல்லாம் நடுவில் ஒரு கோடு போட்டுப் பிரித்துப் படியுங்கள்.